பெஞ்சுக் கைமாற்று

மார்ச்சு மாதம் ஆறாம் நாள், வியாழக்கிழமை. விடியும்போதே வானம் மூடிக் கிடந்தது. மழை வரும் என்று நம்பவும் முடியவில்லை. வராது என்று குடையை வைத்துவிட்டுப் போகவும் மனம் துணியவில்லை. காற்று அறவே நின்றுபோயிருந்தது. முந்தின நாள் துவைத்த துணிகள் கொடியில் ஈரம் உலராமல் தொங்கின. மெத்தை அக்கா அன்று உடுத்த நினைத்திருந்த உடையை இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே உலர்த்தி உடுத்த வேண்டியதாயிற்று. கண்ணாடியின் முன் நின்று மறுபடியும் தலை வாரிக்கொண்டிருந்தவரை அவருடைய நாத்தனார் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு நேரம் கண்ணாடி முன்னாடி நிக்கல” என்றார் நாத்தனார்.

“அன்னைக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்கலையே, அண்ணி.”

அன்றோ இரண்டு வழக்கறிஞர்களும் ஓர் அதிகாரியும் அவரைக் கேள்வி கேட்கக் காத்திருந்தார்கள். காப்புரிமை அலுவலகத்தில், ஒரு மாத்திரையைப் பற்றிய வழக்கில், அவர் சாட்சி. அந்த மாத்திரையைத்தான் அவர் நாள்தோறும் விழுங்கி உயிர் வாழ்ந்துவந்தார். அவர் சொல்லப்போகும் பதிலால் அது மலிவாகக் கிடைக்க வழி பிறக்கலாம். அடுத்த மாதமே அவருக்குக் கிடைக்காமலும் போகலாம். இரண்டும் ஒரே பதிலில் அடங்கியிருந்தன.

மெத்தை அக்கா என்பது பேருந்துப் பணிமனையில் வாய்த்த பெயர். பணிமனையின் பின்கட்டில், டயர்க் கொட்டகைக்கும் வர்ணம் பூசும் கூடத்துக்கும் நடுவில், இருக்கைகள் தைக்கும் பிரிவு இருக்கிறது. கிழிந்தும், பிளேடால் கீறப்பட்டும், உள்ளிருக்கும் பஞ்சு பிதுங்கியும் வரும் இருக்கைகளைப் பிரித்து, ரெக்சின் வெட்டி, நுரைமெத்தை வைத்து, மீண்டும் தைத்துப் பலகையில் இறுக்கி ஆணியடிப்பது அவருடைய வேலை. ஆணிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டே பேசுவார். புதிதாய் வருபவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவருடைய கணவர் பக்கத்துக் கூடத்தில் பேருந்துகளுக்கு வர்ணம் பூசுபவர். பெயின்டர் என்றால்தான் எவருக்கும் தெரியும். “அவ வாயில ஆணி இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி” என்று அவர் சொல்லாத ஆளில்லை.

ஓட்டுநர்கள் முதுகுவலி என்று புலம்பக் கேட்டுக் கேட்டு, ஓட்டுநர் இருக்கையின் முதுகுப் பகுதியில் நடுவே ஒரு பள்ளம் விழும்படி நுரையை இரண்டு தடிமனில் வெட்டி ஒட்டும் முறையொன்றை மெத்தை அக்கா கண்டுபிடித்தார். பல துண்டுகளை வீணடித்து, மேற்பார்வையாளரிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட பின்பே அது சரியாக அமைந்தது. அடுத்த ஆண்டு தலைமைப் பணிமனையிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்து, அளவெடுத்துப் போனார். எல்லாப் பணிமனைகளிலும் அதே பள்ளம் வந்துவிட்டது. யார் செய்தது என்று எவரும் கேட்கவில்லை. அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற எரிச்சல் மட்டும் நெடுநாள் அடங்கவில்லை. காப்புரிமை என்ற சொல்லைப் பின்னாளில் முதன்முதலாகக் கேட்டபோது, அவருக்கு அந்தப் பள்ளந்தான் நினைவுக்கு வந்தது.

நோய் வந்தது ஆரவாரமில்லாமல். முதலில் சோர்வு, பிறகு அடிபடாத இடத்திலும் கன்றிப்போன நீலத் திட்டுகள். வெட்டுமேசையில் இடித்துக்கொண்டிருப்போம் என்று அவரும், கோபத்தில் எங்கோ முட்டிக்கொண்டிருப்பாள் என்று பெயின்டரும் எண்ணிக்கொண்டார்கள். இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனையின் இரத்தநோய் மருத்துவர் அச்சுறுத்தாமலும் மழுப்பாமலும் சொன்னார்: இந்த மாத்திரையை நாளுக்கு ஒன்று, நாள் தவறாமல் விழுங்கினால், வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், வீட்டில் சண்டையும் போடலாம். நிறுத்தினால் நோய் மறுபடியும் தலைதூக்கும்; இரண்டாம் முறை அது இதே மாத்திரைக்குக் கட்டுப்படும் என்று உறுதி சொல்ல முடியாது.

மாத்திரையின் விலையைக் கேட்டபோது பெயின்டர் மருந்துக்கடைக்காரரிடம், இது ஓராண்டுக்கு உரியதா என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு உரியது. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும் எட்டாத தொகை அது. ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனம் மட்டுமே அதைச் செய்கிறது, வேறு யாரும் செய்யச் சட்டம் இடம் தராது என்று கடைக்காரர் தாழ்ந்த குரலில் விளக்கினார். ஆயினும் அந்த நிறுவனம் ஒரு சலுகைத் திட்டம் வைத்திருந்தது. வருமானச் சான்றும் நிலையான முகவரியும் காட்டிப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு விலை பெருமளவு குறையும். குறைந்த அந்த விலைக்கும் ஒரு சம்பளம் முழுதாகப் போனது. நாத்தனார் தம்முடைய முன்னறையைக் காலி செய்து, கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சமையலறையை ஒட்டிய இடுக்கில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார்.

சலுகைத் திட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. காலியான மாத்திரை அட்டைகளை மாதந்தோறும் திருப்பித் தர வேண்டும். மாத்திரையைப் பதிவு பெற்றவர் மட்டுமே உண்ண வேண்டும். பிறருக்குக் கொடுத்தாலோ பிறரிடமிருந்து பெற்றாலோ பதிவு நீக்கப்படும். இரண்டையும் படித்துப் பார்த்துத்தான் மெத்தை அக்கா கையெழுத்திட்டார்.

இரத்தநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் கூடத்துக்கு வெளியே துளைகள் போட்ட இரும்புப் பெஞ்சு ஒன்று நீளமாகக் கிடக்கும். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அதில் உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் அந்த ஒரே மாத்திரையால் உயிரோடு இருப்பவர்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். அவரைத் தபால் ஐயா என்பார்கள். புதுமணப் பெண்ணாக அங்கே வந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின்னும் புதுப்பொண்ணு என்றே அழைக்கப்படும் ஒருத்தி. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் காய்கறி அண்ணன். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

பணிமனையில் வேலைநிறுத்தம் நடந்து சம்பளம் நின்றுபோன மாதத்தில் மெத்தை அக்காவால் மாத்திரை வாங்க முடியவில்லை. மருத்துவரிடம் என்ன சொல்வது என்று அறியாமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, தபால் ஐயா தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அட்டையிலிருந்து பிதுக்கியெடுத்த சில மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“கைமாத்தா வச்சுக்கம்மா. அடுத்த மாசம் குடு” என்றார்.

பெஞ்சுக் கைமாற்று அப்படித் தொடங்கியது. அடுத்த மாதம் மெத்தை அக்கா திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் புதுப்பொண்ணுவின் கணவன் வேலையிழந்தபோது எல்லோருமாகக் கொடுத்தார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை. ஏன் வாங்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. முடிந்தவர் முடிந்தபோது திருப்பிவிடுவார். அளவு எல்லோருக்கும் போதாத மாதங்களில், வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ அனைவரும் விழுங்காமல் விட்டுவிடுவார்கள். அந்த நாளுக்கு மாத்திரைக்கு லீவு என்று பெயர் வைத்தவர் காய்கறி அண்ணன். “வாரம் பூரா வேலை பார்க்குது, பாவம், அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா?” என்று கேட்டுச் சிரிப்பார்.

காய்கறி அண்ணனின் நிலை மற்றவர்களுடையதைப்போல அன்று. அவர் வாடகை வீடு மாறி மாறிக் குடியிருப்பவர். தள்ளுவண்டிக்கு வருமானச் சான்று தருபவர் எவருமில்லை. ஆகவே சலுகைத் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு மாதங்கூட அவர் தாமாக மாத்திரை வாங்கியதில்லை. முழுக்க முழுக்கப் பெஞ்சின் கைமாற்றில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரவர் பைக்குள் கத்திரிக்காயோ வெண்டைக்காயோ திணித்துவிடுவார். வேண்டாம் என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

அட்டைகளைத் திருப்பித் தருவதில் அந்தப் பெஞ்சைப்போல ஒழுங்காக இருந்தவர்கள் வேறெங்கும் இல்லை. மாத்திரைகள் கைமாறினாலும், காலி அட்டை உரியவரிடமே வந்து சேர்ந்துவிடும். கசங்கிய அட்டையை மெத்தை அக்கா நகத்தால் நீவி நேராக்கித் தருவார். திட்டத்தின் அலுவலராக மாதம் ஒரு முறை வந்த இளம்பெண், “அக்கா, இவ்வளவு ஒழுங்கா மருந்து சாப்பிடுற நோயாளிங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்று மனமாரப் பாராட்டினாள். அவர்களும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பிடிபடாமல் தப்பித்தோம் என்ற ஆறுதலும் அந்தப் பெருமையில் கலந்திருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு வழக்கறிஞர் பெஞ்சைத் தேடி வந்தார். நடுவயதுப் பெண்மணி; வேகமாக நடப்பவர்; தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்துவிடுபவர். நீரிழிவு மாத்திரைகளும் இருமல் மருந்தும் செய்துவந்த உள்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்காக அவர் வாதாடினார். அந்தத் தொழிற்சாலை இதே மாத்திரையை மிகக் குறைந்த விலையில் செய்து தர முன்வந்து, வெளிநாட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்டது. நிறுவனம் மறுத்துவிட்டது. தொழிற்சாலை காப்புரிமை அதிகாரியிடம் மனுச் செய்திருந்தது.

புதிய மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு, குறித்த சில ஆண்டுகள்வரை வேறு எவரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்ற பாதுகாப்பை நாடு அளிக்கிறது என்று வழக்கறிஞர் விளக்கினார். அதற்கு ஈடாக நாடும் ஒன்றை எதிர்பார்க்கிறது. மருந்து மக்களுக்குப் போதிய அளவிலும், அவர்களால் வாங்க இயலும் விலையிலும் கிடைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்தும் அப்படிக் கிடைக்கவில்லை என்று மெய்ப்பித்தால், உரிமையாளர் இசையாவிட்டாலும், மற்றொருவர் அதைச் செய்து விற்க அதிகாரி ஆணையிடலாம். அதற்குப் பெயர் கட்டாய உரிமம்.

தபால் ஐயாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. மெத்தை அக்காவுக்கு வரவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இந்தப் பெஞ்சில் உட்கார ஆளே இருந்திருக்காது, அவர்கள் பொருளைப் பிடுங்குவது நியாயமா என்று கேட்டார். தம்முடைய இருக்கைப் பள்ளத்தின் கதையையும் சொன்னார். வழக்கறிஞர் சிரிக்கவில்லை. முதன்முறையாகத் தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பதில் கூறினார்.

“உங்க பள்ளத்தை எடுத்தவங்க உங்களை ஒரு வார்த்தை கேக்கல, உங்களுக்கு எதுவும் குடுக்கல. இங்கே அப்படி இல்லம்மா. உரிமை அவங்ககிட்டயேதான் இருக்கும். விக்கிற ஒவ்வொரு மாத்திரையிலும் அவங்களுக்கு ஒரு பங்கு போகும். அவங்க மட்டுந்தான் செய்யணும்ங்கிறதைத்தான் சட்டம் தளர்த்துது.”

மெத்தை அக்கா அன்றிரவு சாப்பிடும்போது இதைப் பெயின்டரிடம் சொல்லிப் பார்த்தார். தம் பள்ளத்தை எல்லாப் பணிமனையும் எடுத்துக்கொண்டதில் ஓட்டுநர்களின் முதுகுக்கு நன்மைதானே என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். நன்மைதான், எரிச்சலும் உண்மைதான். இரண்டுக்கும் இடம் விட்டுச் சட்டம் எழுதிய யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்.

நிறுவனத்தின் எதிர்மனு வந்தபோதுதான் இடி விழுந்தது. வழக்கறிஞர் முகம் கறுத்துப்போய்ப் பெஞ்சுக்கு வந்தார். மருந்து மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பது பொய் என்று நிறுவனம் வாதிட்டிருந்தது. அதற்குச் சான்றாக அது காட்டியிருந்தது இந்த மருத்துவமனையைத்தான். இங்கே பதிவு பெற்ற நோயாளிகளுள் ஒருவர்கூட இடையில் விலகிவிடவில்லை. ஒவ்வொருவரும் வாங்கிய எல்லா அட்டைகளையும் காலியாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஏழைகளின் தேவையும் முழுமையாக நிறைவேறிவருகிறது என்று அதில் இருந்தது. அந்த இளம்பெண் அலுவலரின் பாராட்டு மொழிகளும் அப்படியே சேர்க்கப்பட்டிருந்தன.

ஒருவரும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்த கைகளே தங்களுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டன என்பது அவர்களுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நீவி நேராக்கிய அட்டைகளை நினைத்து மெத்தை அக்கா தம் நகங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, கைமாற்றைப் பற்றி வழக்கறிஞரிடம் முழுவதும் சொல்லிவிட்டார். மாத்திரைக்கு லீவு விடுவதையும் சொன்னார்.

வழக்கறிஞர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை மன்றத்தில் சொன்னால் நிறுவனத்தின் வாதம் சரியும் என்றார். ஆனால் நிபந்தனை மீறல் வெளிப்படும், திட்டத்திலிருந்து நீக்கப்படலாம், உரிமம் கிடைத்து, தொழிற்சாலை மாத்திரை செய்து, அது கடைக்கு வர எத்தனை மாதமாகும் என்று தம்மால் சொல்ல முடியாது, அதுவரை என்ன உண்பீர்கள் என்பதற்கும் தம்மிடம் பதில் இல்லை. சொல்லும்படி வற்புறுத்த மாட்டேன், பொய் சொல்லவும் விட மாட்டேன் என்றும் கூறிவிட்டுப் போனார்.

தபால் ஐயா சொல்லிவிடலாம் என்றார். புதுப்பொண்ணு குழந்தைகளை நினைத்து அழுதாள். பிறகு சொல்லலாம் என்றாள். மறுபடியும் வேண்டாம் என்றாள். காய்கறி அண்ணன் எழுந்து போய்விட்டார். அன்று அவர் எவர் பையிலும் காய்கறி திணிக்கவில்லை.

வீட்டில் நாத்தனார் விஷயத்தை அறிந்தபோது கொதித்துப் போனார். கைமாற்று நடந்ததே அவருக்கு அதுவரை தெரியாது.

“என் ரூமை வாடகைக்கு விட்டது உனக்கு மாத்திரை வாங்க. நீ என்னடான்னா ஊருக்கே பந்தி வச்சிருக்க” என்றார்.

“எனக்கும் பந்தி வச்சாங்க, அண்ணி. வேலைநிறுத்தம் நடந்த மாசம் நான் சாப்பிட்டது யாரோட மாத்திரைன்னு நினைச்சீங்க?”

நாத்தனார் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயின்டர் மனைவியைத் தனியே அழைத்து, எல்லார் சார்பிலும் நீதான் போய் நிற்க வேண்டுமா, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று கேட்டார். வழக்கமான கேலிதான், ஆனால் குரல் நடுங்கியது.

சாட்சிக்கு முந்தின வாரம் காய்கறி அண்ணன் பணிமனைக்கே வந்துவிட்டார். வண்டியை வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்கட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். மெத்தை அக்கா ஓட்டுநர் இருக்கை ஒன்றை மடியில் கிடத்தி வளைந்த ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். பிரித்துப் போட்ட இருக்கை ஒன்றின்மேல் உட்கார்ந்து, காய்கறி அண்ணன் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன், அக்கா” என்றார் கடைசியில்.

“சரி, சொல்லு.”

“வழியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். உங்ககிட்ட வாங்கிச் சாப்பிடுறது எனக்கு ரொம்ப நாளா கசக்குது. நீங்க யாரும் முகம் சுளிச்சதில்ல. இருந்தாலும் கசக்குது.” அவர் நுரைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கினார். “ஒரு நாளாவது மருந்துக்கடையில போய் நிக்கணும். விலை என்னன்னு கேக்கணும். கொஞ்சம் குறைச்சுக் குடுன்னு பேரம் பேசணும். நாள் முழுக்க என்கிட்ட எல்லாரும் பேசுறாங்களே, அந்த மாதிரி.”

“மருந்துக்கடையில பேரம் பேசினா அடிச்சுத் துரத்துவான்.”

“துரத்தட்டுமே. கேக்குற நிலைமைக்காவது வரணும்ல?”

மெத்தை அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். சொன்னால் முதலில் மாத்திரை நின்றுபோவது காய்கறி அண்ணனுக்குத்தான் என்பதை எடுத்துச் சொன்னார். மற்றவர்கள் விற்றோ கடன்பட்டோ முழு விலைக்கு ஒரு மாதமாவது வாங்கிப் பார்க்கலாம். அவரால் அதுவும் ஆகாது. காய்கறி அண்ணன் தலையாட்டினார். பயமாக இருப்பதாகவும், பயப்படுவது தம்முடைய வேலை, சொல்வது அக்காவுடைய வேலை என்றும் கூறினார். எழுந்து போகும்போது, சாட்சி சொல்லும் இடம் எங்கே என்று விசாரித்துக்கொண்டார். தாமும் வந்து பின்னால் உட்கார்ந்திருப்பாராம்.

காப்புரிமை அலுவலகம் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. விசாரணை அறை நீதிமன்றத்தைப்போல் இல்லாமல், பள்ளி ஆசிரியர்களின் கூட்ட அறையைப்போல் இருந்தது. நீள மேசை, பச்சைத் துணி, சுவரோரம் அடுக்கிய கோப்புகள், தலைக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் ஆடிச் சுழலும் மின்விசிறி. நாற்காலிகளின் இருக்கைகள் கிழிந்திருந்ததை மெத்தை அக்கா உட்காரும்போதே கவனித்தார். எதிரே நிறுவனத்தின் வழக்கறிஞர். அவருக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்தபடி, திட்டத்தின் இளம்பெண் அலுவலர். பின்வரிசையில் பெயின்டர், தபால் ஐயா, புதுப்பொண்ணு. கடைசி நாற்காலியில், சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, காய்கறி அண்ணன்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் பண்பானவர். குரலை உயர்த்தாமல் கேட்டார். நோய் எப்போது வந்தது, மாத்திரையால் பயன் கிடைத்ததா, இந்த நிறுவனத்துக்கு நன்றி உடையவர்தானே என்றெல்லாம் கேட்டார். பயன் கிடைத்தது, நன்றி உண்டு என்று மெத்தை அக்கா உள்ளது உள்ளபடி சொன்னார். உடன் பெஞ்சில் உட்காருபவர்களுள், மருந்து கிடைக்காமல் முற்றிலும் நிறுத்திவிட்டவர் எவரேனும் உண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றார். அட்டைகள் எல்லாம் காலியாகத்தானே திருப்பித் தரப்பட்டன? ஆம் என்றார். வழக்கறிஞர் நன்றி கூறி அமர்ந்துவிட்டார். அத்துடன் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நொடி மெத்தை அக்காவுக்குத் தோன்றியது. சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை.

அப்போது காப்புரிமை அதிகாரி தம் குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். நரைத்த தலை, களைத்த கண்கள். சாட்சியின் சம்பளச் சீட்டுகளில் இருந்த தொகையையும் மாத்திரையின் சலுகை விலையையும் அருகருகே எழுதிப் பார்த்ததாகவும், சீட்டில் சம்பளமே இல்லாத வேலைநிறுத்த மாதத்தில் அவரால் வாங்கியிருக்க இயலாது என்று தமக்குத் தோன்றுவதாகவும் சொன்னார். அந்த மாதம் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

மெத்தை அக்கா சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து வந்த மாத்திரைகளைப் பற்றி, கொடுத்தவர் யார் என்று கூறாமல் சொன்னார். தாம் திருப்பிக் கொடுத்ததையும், பிறர் வாங்கியதையும், கொடுத்ததையும் சொன்னார். அட்டைகள் நேராக்கப்பட்டதைச் சொன்னார். மாத்திரைக்கு லீவு என்ற சொல்லை அதிகாரி மறுபடியும் சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டார். அதனால் எல்லோருக்கும் வெள்ளணுக்கள் மறுபடியும் ஏறிவந்ததையும், ஏன் என்று மருத்துவர் கேட்டுக் கேட்டு அலுத்ததையும், தாங்கள் வாய்திறக்காததையும் மெத்தை அக்கா சொன்னார். இளம்பெண் அலுவலரின் கண்கள் கலங்கியிருந்தன. அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்ற வருத்தத்தையும் அவர் மறைக்கவில்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். திட்டத்தின் நிபந்தனையைப் படித்துத்தான் கையெழுத்திட்டீர்களா என்று கேட்டார். ஆம் என்றார். மீறினால் பதிவு நீக்கப்படும் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றார். அப்படியானால் இந்தக் கதையை எப்படிச் சரிபார்ப்பது, கைமாற்று நடந்தது என்பதற்கு இவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது, வாங்கியவர்கள், கொடுத்தவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டாமா என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

இதை எவரும் எதிர்பார்க்கவில்லை. கைமாற்றைச் சொல்வதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் விவாதித்தவர்களுக்கு, பெயர் கேட்பார்கள் என்பது தோன்றவே இல்லை. பெஞ்சில் எவரும் எவர் பெயரையும் சொல்லி அழைத்ததில்லை, அதனால் விட்டுப்போயிருக்கலாம். தேநீர் மறக்கும் வழக்கறிஞர் எழுந்து மறுப்புத் தெரிவித்தார். அதிகாரி, பெயர்களைச் சொல்லும்படி சாட்சியைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்றும், ஆனால் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைத் தாம் பின்னர் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்றும் ஒளிக்காமல் கூறினார்.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று தரையில் உரசும் ஓசை கேட்டது. மெத்தை அக்கா திரும்பவில்லை. திரும்பினால் அவர் பார்வை யார்மேல் விழுகிறதோ, அவரை எதிர்த்தரப்பும் பார்க்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் முன்னால் இருந்த பச்சைத் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் குடுத்தாங்க, யார் வாங்கினாங்க?” என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் மறுபடியும் மெதுவாகக் கேட்டார். “பேரைச் சொல்லுங்கம்மா.”

“நான் குடுத்தேன், நான் வாங்கினேன்” என்றார் மெத்தை அக்கா. “என் பேரை மட்டும் எழுதிக்கோங்க.”